உடைந்ததாக எழுதப்பட்ட அடாப்டர்

ஆகஸ்ட் 4, திங்கள்

ஆய்வேட்டை ஒப்படைக்க இருபத்தொன்பதாம் தேதி கடைசி நாள். அதற்குள் கொடுக்காவிட்டால் என் பதிவு காலாவதியாகிவிடும். ஆறு வருஷம் வேதியியல் துறையில் நொச்சி இலையைக் காய்ச்சிக்கொண்டிருந்தவள் என்ற பெயரோடு வீட்டில் உட்கார வேண்டியதுதான். அதனால் காலையிலேயே, எங்கும் பாக்கி இல்லை என்று முத்திரை வாங்க வேண்டிய நோ டியூஸ் தாளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். நூலகத்தில் பத்து நிமிடம். விடுதியில் நான் ஒரு நாள் கூடத் தங்கியதில்லை, தங்கவில்லை என்பதற்கும் ஒரு முத்திரை வேண்டுமாம். அதையும் வாங்கியாயிற்று. கடைசியாக எங்கள் துறையின் ஸ்டோர்.

ஸ்டோர்கீப்பர் மரியசூசை அண்ணன் பிரேக்கேஜ் நோட்டைப் புரட்டினார். ஆய்வகத்தில் எந்தக் கண்ணாடிச் சாமான் உடைந்தாலும் அதில் எழுதியாக வேண்டும். தேதி, பொருள், உடைத்தவர் பெயர், கையெழுத்து. என் பெயரில் பீக்கர் நான்கு, தெர்மாமீட்டர் இரண்டு, கண்டென்சர் ஒன்று. எல்லாம் நான் உடைத்தவை, எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அண்ணன் இன்னொரு வரியில் விரலை வைத்தார்.

"போன வருஷம் மார்ச் இருவத்தாறு. அடாப்டர், முப்பத்துநாலுக்கு இருவத்துநாலு, ஒண்ணு. உடைஞ்சதுன்னு உன் பேர்ல இருக்கு. கையெழுத்து மட்டும் இல்லம்மா. போட்டுட்டன்னா சீல் வச்சுருவேன்."

"இத நான் உடைக்கலண்ணே."

"உடைக்காமயா எழுதியிருக்கு?"

"எழுதினதும் நான் இல்ல."

எழுதியவர் என் கைடு, பேராசிரியர் கனகசபாபதி. அந்த எழுத்தை ஆறு வருஷமாக என் வரைவுகளின் ஓரத்தில் சிவப்பு மையில் பார்த்து வருகிறேன். அண்ணனுக்கும் தெரியும். தெரிந்தும் பேனாவை என் பக்கம் நீட்டினார். நான் வாங்கவில்லை. தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மூன்றாம் அத்தியாயத்தின் படங்களை மறுபடி அச்சடித்தேன். கேஸ் புக் பண்ணினேன். கையெழுத்துப் போடவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

கணவர் சீனிராஜ் மின்வாரியத்தில் இருக்கிறார். மதுரையில் வாடகை வீடு, நாங்கள் இரண்டே பேர். ராத்திரிச் சாப்பாட்டின்போது விஷயத்தைச் சொன்னேன். தோசையைப் பிட்டுக்கொண்டே, "ஒரு கண்ணாடித் துண்டுக்கா இந்தப் பாடு? போட்டுட்டு வந்துரு காளி" என்றார்.

அவர் கேட்டது நியாயம்தான். அந்தத் துண்டு எதற்கு என்று அவருக்கு நான் சொன்னதே இல்லை. எங்கள் துறையில் இருக்கும் பெரிய குடுவையின் வாய் முப்பத்துநாலு மில்லிமீட்டர். அதன் மேல் நிற்க வேண்டிய நீளக் குழாயின் அடி இருபத்துநாலு. இரண்டும் வெவ்வேறு காலத்தில் வாங்கியவை, ஒன்றில் ஒன்று உட்காராது. நடுவில் ஒரு விரல் நீளத்தில், கீழே பெரிதும் மேலே சிறிதுமாக ஒரு கண்ணாடி வைத்தால் சேர்ந்துகொள்ளும். அதுதான் அடாப்டர். அது இல்லாவிட்டால் குடுவை ஒரு மூலையிலும் குழாய் ஒரு மூலையிலும் கிடக்கும், நொச்சி எண்ணெயை முகர்ந்து பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். உடையாத சாமானை உடைந்ததாக எழுதுவது எங்கள் துறையின் வழக்கம். ஒருவர் பெயரில் கொடுத்த பொருளை இன்னொருவர் பெயருக்கு மாற்ற மூன்று கையெழுத்தும் ஒரு மாதமும் ஆகும். உடைந்தது என்று எழுதினால் அரை நிமிடம். அப்புறம் அந்தப் பொருள் யார் பெயரிலும் இல்லாமல் யார் மேசையிலும் சுகமாக இருக்கும். எங்கள் ஆய்வகத்தில் பாதிச் சாமான் நோட்டில் செத்துப்போனது, மேசையில் உயிரோடு வேலை பார்ப்பது. நானே ஒரு இரட்டை வாய்க் குடுவையை அப்படி எழுதியிருக்கிறேன். அதை வாங்கிக்கொண்டவன் அபினேஷ், என் கைடிடமே ஆய்வு செய்யும் ஜூனியர்.

அப்படியிருக்க இந்த ஒரு வரிக்கு மட்டும் ஏன் எனக்குக் கை வரவில்லை? தெரியாது. தேதி பிடிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

சாரைப் பார்த்தேன்.

"ஸ்டோர்ல ஒரு என்ட்ரி சார். அடாப்டர் உடைஞ்சதா இருக்கு. உங்க எழுத்து."

"ஆமா, நான்தான் எழுதுனேன். நீ லீவுல இருந்த, அபினேஷுக்கு மூணு வாரம் தேவப்பட்டுச்சு. எல்லாரும் செய்யிறதுதான? நீ செஞ்சதில்லையா?"

"செஞ்சிருக்கேன் சார்."

"அப்புறம் என்ன? போட்டுட்டு அடுத்த வேலையப் பாரு."

"அது உடையல சார். திரும்பி வந்து போன வருஷம் ஏப்ரல்லருந்து ஜூலை வரைக்கும் நான் அதுலதான் ஓட்டினேன்."

அப்போதுதான் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் குரல் இதமாகிவிடும், அதுதான் ஆபத்து.

"காளீஸ்வரி, ரெக்கார்டுப்படி உன் செட்டப் மார்ச்சோட முடிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் அந்த ரூம்ல ஓடினது அபினேஷோட செட்டப். அவன் பேப்பரும் வந்தாச்சு. ஒரே ரிசல்ட் ரெண்டு தீசிஸ்ல இருக்கக் கூடாது, உனக்கே தெரியும். நாலாவது சாப்டர எடுத்துர்றேன்னு நீதான சொன்ன?"

நான்தான் சொன்னேன். போன மாதம், ஜூலையில், இதே அறையில், "சரிங்க சார்" என்று. மூன்று அத்தியாயம் போதும், பட்டம் பட்டம்தான் என்றார், தலையாட்டினேன். வெளியே வந்து காபி கூடக் குடித்தேன்.

நாலாவது அத்தியாயம் எது என்றால், நொச்சி எண்ணெயை அந்த நீளக் குழாயில் ஏற்றிப் பத்துப் பகுதிகளாகப் பிரித்து, அதில் ஏழாவது மட்டும் கொசுப்புழுவைக் கொல்கிறது என்று கண்டது. மற்ற மூன்றும் அதற்கு முன்னுரை மாதிரி. நான்கு மாதம், நாற்பத்தொரு தடவை ஓட்டினேன்.

"அவனுக்கு வெளிநாட்டு அப்ளிகேஷனுக்கு இது வேணும். உனக்கு எதுக்கும்மா? நீ குடும்பம், குடித்தனம்னு செட்டில் ஆயிட்டவ."

இப்போது புரிகிறது. வெறும் வழக்கத்துக்காக எழுதிய வரி, இப்போது அவருக்கு ஆவணம். என் கையெழுத்து விழுந்துவிட்டால் மார்ச் இருபத்தாறுக்குப் பிறகு என்னிடம் கருவியே இல்லை. கருவி இல்லாதவள் எப்படி நாற்பத்தொரு தடவை ஓட்டியிருப்பாள்?

"யோசிச்சுச் சொல்றேன் சார்" என்று வந்துவிட்டேன். யோசிக்க ஒன்றுமில்லை. போட மாட்டேன்.

ஆகஸ்ட் 9, சனி

நாலாவது அத்தியாயத்தை மறுபடி உள்ளே சேர்த்துவிட்டேன். பக்க எண்கள் எல்லாம் மாறின. பொருளடக்கத்தைத் திருத்தவே மதியம் ஆகிவிட்டது, சாம்பார் அடிப்பிடித்தது.

சார் சொன்ன லீவு போன வருஷம் மார்ச் இருபத்தொன்றிலிருந்து மூன்று வாரம். மஞ்சள் காமாலை. விடுப்புக் கடிதத்தில் அப்படித்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

அடாப்டர் எங்கே என்று தேட வேண்டியதே இல்லை, எனக்குத் தெரியும். அபினேஷின் மேசையில். அதை அவனிடம் கொடுத்தவள் நான். போன வருஷம் ஜூலையில் என் வேலை முடிந்ததும் சார் கேட்டார், கழுவித் துடைத்து, ஒரு துணியில் சுற்றி என் கையாலேயே கொடுத்தேன். நோட்டில் எழுதவில்லை. எழுதியிருந்தால் இன்றைக்கு இந்த வம்பே இல்லை. அவ்வளவு நல்லவளாக இருந்ததற்கு என்னையே நாலு சாத்து சாத்தலாம் போலிருக்கிறது.

அது என் பெயரில் கொடுத்த அடாப்டர்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் வர முடியாது. துறைக்காக மதுரையில் ஒரு கடையில் நான் சொல்லிச் செய்த உருப்படி அது, மேல் வாய் ஒரு துளி இடது பக்கம் சாய்ந்துவிட்டது. திருப்பிக் கொடுத்தால் இன்னும் இரண்டு வாரம் ஆகும் என்று அப்படியே வாங்கிக்கொண்டேன். அதனால் குழாயை மாட்டினால் நேராக நிற்காது. அபினேஷின் பேப்பரில் போட்டிருக்கும் படத்திலும் குழாய் இடது பக்கம் சாய்ந்துதான் நிற்கிறது. அதில் முதல் பெயர் அவன், கடைசிப் பெயர் சார். நடுவில் மூன்றாவதாக நான். பார்த்ததும் சிரிப்புத்தான் வந்தது, அப்புறம்தான் அழுகை.

"அபினேஷ், அந்த அடாப்டர எனக்குக் குடு. ஸ்டோர்ல கட்டணும்."

அவன் முகம் வெளுத்துவிட்டது. "அக்கா... அது வராதுக்கா. ரெண்டு மாசமா ஸ்டக்காயிருச்சு."

கழுத்தில் கிரீஸ் தடவாமல் மாட்டிச் சூடாக்கியிருக்கிறான். கண்ணாடியும் கண்ணாடியும் ஒட்டிக்கொண்டுவிட்டன. முதல் வருஷ மாணவர்கள் செய்யும் தப்பு. கையால் திருப்பினேன், அசையவில்லை. பலமாகத் திருப்பினால் நிஜமாகவே உடைந்துவிடும். அப்படி உடைந்தால் சார் எழுதியது உண்மையாகிவிடும்! கையை எடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 13, புதன்

மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தேன். வெந்நீரை ஊற்றினேன். மரப்பிடியால் சுற்றிச் சுற்றித் தட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கினேன், அது எனக்கே ஆச்சரியம்.

ஆகஸ்ட் 14, வியாழன்

வீட்டிலிருந்து தலை காயவைக்கும் டிரையரை எடுத்துப் போனேன். கேன்டீனில் ஐஸ் கட்டி வாங்கி ஒரு கைக்குட்டையில் கட்டினேன். வெளியே இருப்பது குடுவையின் கழுத்து, அது சூடாகி விரிய வேண்டும். உள்ளே இருப்பது அடாப்டர், அது குளிர்ந்து சுருங்க வேண்டும். கைக்குட்டையை அடாப்டருக்குள் திணித்துவிட்டு, டிரையரை வெளியே சுற்றிச் சுற்றிக் காட்டினேன்.

அபினேஷ் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். அப்புறம் கேட்காமலே வந்து குடுவையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"சார் வந்தா என்னக்கா சொல்றது?"

"காளீஸ்வரி எடுத்துட்டுப் போனான்னு சொல்லு. பொய் சொல்லாத, அது ஒண்ணு போதும்."

"பேப்பர்ல பேர் போட்டது நான் இல்லக்கா. சார்தான் அனுப்புனாரு."

"சரி. வந்ததுக்கப்புறம் வேணாம்னு சொன்னியா?"

குடுவையின் பிடியை மாற்றிக்கொண்டான். நானும் வற்புறுத்தவில்லை, போன மாதம் "சரிங்க சார்" என்று சொன்ன வாய் எனக்கும் இருக்கிறது. மூன்றாவது தடவை சூடு காட்டியபோது சின்னதாக ஒரு சத்தம். டிரையரை அணைத்துவிட்டுக் குனிந்து பார்த்தேன். விரிசல் இல்லை, பிடிதான் விட்டது. மெதுவாகத் திருப்பினேன், வந்துவிட்டது. கழுவி, கீறல் இருக்கிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். முழுசாக இருந்தது. டிபன் பாக்ஸில் துண்டு விரித்து வைத்து வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

விடுமுறை. துணி துவைத்தேன். டிபன் பாக்ஸைத் திறந்து சீனிராஜ் பார்த்தார்.

"இதுதானா?"

"இதேதான்."

"இம்புட்டூண்டு இருக்கு. திங்கக்கிழமை குடுத்துட்டா முடிஞ்சுதுல்ல?"

முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

மரியசூசை அண்ணன் முன்னால் அடாப்டரை வைத்தேன். அவர் அதைத் தொடக்கூட இல்லை.

"இத எப்படிம்மா வாங்குறது?"

"ஏண்ணே? என் பேர்ல குடுத்தீங்க, திருப்பிக் குடுக்கிறேன்."

"நோட்டுல உடைஞ்சுபோச்சுல்ல. உடைஞ்ச சாமான முழுசா வாங்குனேன்னு நான் எப்படி எழுதுவேன்? ஆடிட்ல என்னையத்தான் கேப்பாய்ங்க."

"கண்ணு முன்னாடி இருக்குண்ணே!"

"கண்ணுக்குத் தெரியுதும்மா. நோட்டுக்குத் தெரியணுமே."

அவர் கேலி செய்யவில்லை. இருபத்திரண்டு வருஷம் அந்த நோட்டோடு குடித்தனம் நடத்துகிறவர், அவருக்கு அது சத்தியம். நான் கத்தினேன். அவர் பொறுமையாக இருந்து, வாங்கிவந்த டீயில் பாதியை எனக்கு ஊற்றிக் கொடுத்தார். துறைத் தலைவர் அந்த வரியை ரத்து செய்து கையெழுத்திட்டால் வாங்கிக்கொள்வாராம். டீயைக் குடித்துவிட்டு அடாப்டரைத் திரும்பத் துண்டில் சுற்றினேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பத்து நாள் இருக்கிறது. போடவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

துறைத் தலைவர் தாட்சாயணி மேடத்திடம் மனு கொடுத்தேன். படித்துவிட்டு, "ரெண்டு பேரும் பேசி முடிச்சுக்கக் கூடாதாம்மா? கைடு கூடப் பகைச்சுக்கிட்டு யாருக்கு என்ன லாபம்?" என்றார். முடியாது மேடம் என்றேன். பெருமூச்சு விட்டார்.

"அடாப்டர் கையில இருக்குன்னா, அதே மாதிரி வேற ஒண்ண நீ வாங்கிட்டு வந்திருக்கன்னு அவர் சொல்லிட்டுப் போவார். என்ட்ரி தப்புன்னு காட்ட எதாவது வேணும். அந்தத் தேதியில நீ டிபார்ட்மென்ட்லயே இல்லைன்னு காட்ட முடியுமா?"

"லீவ் லெட்டர் இருக்கு மேடம்."

கோப்பை வரவழைத்துப் பார்த்தார். கடிதம் மட்டும்தான் இருந்தது. மஞ்சள் காமாலை என்று எழுதியிருந்தது, சான்றிதழ் எதுவும் இணைக்கவில்லை. வீட்டில் இருந்தபடியே ஒரு நாள் வந்து உடைத்திருக்கலாமே என்று யாராவது கேட்டால்? "ஆஸ்பத்திரியில இருந்தியா? டிஸ்சார்ஜ் சம்மரி இருக்கா?" என்றார் மேடம்.

இருக்கிறது என்று சொல்லவில்லை. பார்க்கிறேன் மேடம் என்றேன். செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குக் கூட்டம்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

இதை எழுதாமல் தப்பிக்கத்தான் இத்தனை பக்கம் எழுதினேன் போலிருக்கிறது.

மஞ்சள் காமாலை இல்லை. அப்போது எனக்கு ஐந்தாம் மாதம். ஒல்லியான உடம்பு, மேலே ஆய்வகக் கோட்டு, யாருக்கும் தெரியவில்லை. கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து வந்தது, கண்பட்டுவிடும் என்று அம்மாவும் யாரிடமும் சொல்லாதே என்றிருந்தார். துறையில் ஒரே ஒருவரிடம் சொன்னேன், சாரிடம். கரைப்பான் ஆவி உடம்புக்கு ஆகாது, கொஞ்ச நாள் எழுத்து வேலை மட்டும் பார்க்கட்டுமா என்று கேட்கப் போய்ச் சொன்னேன். "மார்ச் மட்டும் பொறுத்துக்கோ" என்றார். பொறுத்துக்கொண்டேன். அதனால்தான் அப்படி ஆனதா என்று டாக்டரைக் கேட்டேன், சொல்ல முடியாதும்மா என்றுவிட்டார். எனக்கும் தெரியாது. தெரியாததை இங்கே எழுத மாட்டேன்.

சாத்தூரில் அம்மா வீட்டுப் பக்கத்து ஆஸ்பத்திரி. மார்ச் இருபத்தொன்று சேர்த்தார்கள், மறுநாள் எல்லாம் முடிந்துவிட்டது. காய்ச்சல் விடவில்லை, முப்பதாம் தேதி வரை அங்கேயே கிடந்தேன். பெண் குழந்தை. படுக்கையிலிருந்தே சாருக்குப் போன் செய்தேன். வருத்தப்பட்டார், நிஜமாகவே வருத்தப்பட்டார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். பிறகு சொன்னார்: "லெட்டர்ல இதெல்லாம் எழுதாதம்மா. ஆளாளுக்குப் பேசுவாங்க. ஜான்டிஸ்னு எழுது, நான் ஃபார்வர்டு பண்ணிர்றேன்." நன்றி சொன்னேன். ஆமாம், நன்றி சொன்னேன்.

அந்தப் போன் பேசியது மார்ச் இருபத்து நாலு. நான் உடைத்ததாக அவர் எழுதியது இருபத்தாறு. நான் எந்தக் கட்டிலில் எதற்காகப் படுத்திருக்கிறேன் என்று தெரிந்துகொண்டே எழுதியிருக்கிறார். அன்றைக்கு அதில் கெட்ட எண்ணம் இருந்திருக்காது, ஒப்புக்கொள்கிறேன். இன்றைக்கு இருக்கிறது. இவள் வாயைத் திறந்து சொல்ல மாட்டாள் என்று தெரிந்துதான் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இவ்வளவு காலம் அவர் கணக்குச் சரியாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஆஸ்பத்திரிக் காகிதம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அன்றைக்குப் பிறகு நான் அதைத் தேடியதில்லை, சீனிராஜும் எடுத்ததாகத் தெரியவில்லை. வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது. காலையில் அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது போய் நின்றேன்.

"ஏங்க, அந்த ஆஸ்பத்திரி ஃபைல் வேணும்."

பேப்பரை இறக்கவில்லை. "எதுக்கு?"

சொன்னேன். எல்லாவற்றையும், நாற்பத்தொரு தடவை ஓட்டியதிலிருந்து மார்ச் இருபத்தாறு வரை. பேப்பர் மெல்ல மடங்கி மடியில் விழுந்தது.

"நம்ம வீட்டுச் சங்கதிய அங்க கொண்டுபோய்க் கடை பரப்பணுமா காளி? ஆம்பளைங்க உக்காந்திருப்பாய்ங்க. நாளைக்கு உன்னையப் பாக்குறப்பல்லாம் அதான் ஞாபகம் வரும்."

"வரட்டும்."

"வேற வழியே இல்லையா?"

"இருக்கு. உடைச்சேன்னு கையெழுத்துப் போடணும். அந்தத் தேதியில நான் ஆஸ்பத்திரில கிடக்கல, ஜம்முனு லேப்ல நின்னு கண்ணாடிய உடைச்சுக்கிட்டிருந்தேன்னு அர்த்தம். அதுல நான் கையெழுத்துப் போட்டா, நம்ம பிள்ள இருந்துச்சுன்னே இல்லாமப் போயிரும்ங்க."

அவர் எழுந்து உள்ளே போனார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். பீரோவின் மேல்தட்டில் தன் சர்வீஸ் காகிதங்களுக்கு அடியிலிருந்து ஒரு பச்சை ஃபைலை எடுத்து வந்தார். பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தார். ஓரம் தேய்ந்திருந்தது, அடிக்கடி எடுத்துப் பார்த்திருக்கிறார் போலிருக்கிறது. எனக்குத் தெரியவே தெரியாது. இரண்டு பேரும் உட்கார்ந்து அழுதோம். ஒன்றரை வருஷம் கழித்து முதல் தடவை சேர்ந்து அழுதோம்.

சமைக்கவில்லை. மதியம் அவரே போய்ப் பரோட்டா வாங்கி வந்தார்.

ஆகஸ்ட் 25, திங்கள்

காகிதத்தை ஜெராக்ஸ் எடுத்தேன். கடைக்காரர் படிக்கிறாரா என்று பார்த்தேன். படிக்கவில்லை, இரண்டு காப்பியா மூன்றா என்று கேட்டார்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

மேடம், சார், மரியசூசை அண்ணன், நான். சார் முதலில் பேசினார், கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான்.

"இது ஒரு ப்ரொசீஜர் விஷயம் மேடம். சாமான் உடைஞ்சதுன்னு எழுதி வேற ஆளுக்குக் குடுக்கிறது எல்லா லேப்லயும் உள்ளதுதான். இந்தப் பொண்ணே செஞ்சிருக்கு. இரட்டை வாய் ஃபிளாஸ்க், கேட்டுப் பாருங்க."

"செஞ்சேன் மேடம்" என்றேன். "அதுவும் தப்புதான். ஃபிளாஸ்க் மூணாவது ஷெல்ஃப்ல முழுசா இருக்கு, அந்த வரியையும் இன்னைக்கே அடிச்சிருங்க."

மரியசூசை அண்ணன் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். இன்னும் எத்தனை பிணம் எழுந்து நடக்கப் போகிறதோ என்று பயந்திருப்பார்.

"ஆனா சார் இப்ப சொல்றது ப்ரொசீஜர் இல்ல மேடம். உடைஞ்சதுன்னு இருக்கிறதால மார்ச்சுக்கு அப்புறம் ஓட்டினது நான் இல்லைங்கிறார். உடைஞ்சா உடைஞ்சதுதான்னா, அபினேஷ் எதுல ஓட்டுனான்? வழக்கத்துக்கு எழுதினதுன்னா, அது என் வேலைக்கு எப்படி ஆதாரம் ஆகும்? ரெண்டுல ஒண்ணச் சொல்லட்டும்."

சார் பேச்சை மாற்றி, "மார்ச்ல நீ ஜான்டிஸ்னு வீட்டுல இருந்த, ஒரு நாள் வந்து போனதா எனக்கு ஞாபகம்" என்றார்.

அதைச் சொன்னபோது என் முகத்தைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தார். எனக்குள் இருந்த கடைசித் தயக்கமும் அதோடு போயிற்று. ஃபைலைத் திறந்து மேடத்தின் முன்னால் வைத்தேன்.

"ஜான்டிஸ் இல்ல மேடம். சாருக்கும் தெரியும். இருவத்துநாலாம் தேதி போன்ல சொன்னேன். ஜான்டிஸ்னு எழுதச் சொன்னது அவர்தான். என் கையால எழுதினது நான்."

மேடம் படித்தார். ஒரு தடவை படித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தார். கண்ணாடி மாட்டியிருந்த கண் கலங்கியது தெரிந்தது. காகிதத்தைச் சாரின் பக்கம் நகர்த்தவில்லை, தன் கையால் மூடிக்கொண்டார்.

"நான் இந்தப் பொண்ணு நல்லதுக்குத்தான் மறைக்கச் சொன்னேன்" என்றார் சார்.

"இருக்கட்டும் சார்" என்றேன். "நீங்க சொன்னதுக்கு நான் அன்னைக்கு நன்றி சொன்னேன். அதத் திருப்பி வாங்கிக்கிறேன்."

அரை மணி நேரத்தில் முடிந்தது. மேடம் அபினேஷைக் கூப்பிட்டு ஒரே கேள்வி கேட்டார், போன வருஷம் ஏப்ரல் முதல் ஜூலை வரை ஓட்டியது யார் என்று. "அக்காதான் மேடம்" என்றான், தரையைப் பார்த்தபடி. நாலாவது அத்தியாயம் என் ஆய்வேட்டில் இருக்கும். பேப்பரில் பெயர்களைத் திருத்த மேடம் பத்திரிகைக்கு எழுதுவாராம், என்ன ஆகும் என்று தெரியாது. சார் ஆய்வேட்டில் கையெழுத்திட்டார், பேனாவை அழுத்தி, தாள் கிழிகிற மாதிரி. கிழியவில்லை.

ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி. அலுவலகம் இல்லை. கொழுக்கட்டை செய்தேன், பூரணம் கொஞ்சம் தளர்ந்துவிட்டது. சீனிராஜ் எட்டுத் தின்றார்.

ஆகஸ்ட் 28, வியாழன்

மேடம் ரத்து உத்தரவில் கையெழுத்திட்டு ஸ்டோருக்கு அனுப்பியிருந்தார். மரியசூசை அண்ணன் பிரேக்கேஜ் நோட்டில் அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்தார், அளவுகோல் வைத்து. பக்கத்தில் ரத்துக்கான காரணம் எழுத வேண்டும். மேடம் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்திருந்தார்: 'ஆய்வாளர் அன்று மருத்துவ விடுப்பில் இருந்தார்.'

"இத அப்படியே எழுதிர்றேன்மா" என்றார் அண்ணன்.

"வேண்டாண்ணே. குடுங்க, நான் எழுதுறேன்."

நோட்டை வாங்கிக் கவுண்டரில் வைத்து நின்றபடியே எழுதினேன். இடம் போதவில்லை, அடுத்த வரியிலும் எழுதினேன்.

'மார்ச் 26 அன்று நான் துறையில் இல்லை. சாத்தூரில் ஆஸ்பத்திரியில் இருந்தேன். ஐந்து மாதத்தில் என் மகளை இழந்து படுத்திருந்தேன். இந்தப் பொருளை நான் உடைக்கவில்லை. மு. காளீஸ்வரி.'

அண்ணன் நோட்டைத் தன் பக்கம் திருப்பிப் படித்தார். பிறகு அடாப்டரை எடுத்து அலமாரியில் வைத்தார், நோ டியூஸ் தாளில் முத்திரை குத்தினார், ஊதிக் காயவைத்தார்.

"இது எல்லாரும் எடுத்துப் பாக்குற நோட்டும்மா" என்றார். "மேல ஒரு வெள்ளத் தாள் ஒட்டிரவா?"

"ஒட்டாதீங்கண்ணே" என்றேன். "பாக்கட்டும்."